ஆமைக்குக் கட்டளையிட்ட பிள்ளைகள்

வகுப்பறையில் கணினி என்றதும் இன்று நம் மனத்தில் எழுவது ஒரு பெரிய திரை. சுவரில் ஸ்மார்ட் போர்டு, அதில் ஓடும் காணொளி, கடைசியில் நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லும் கேள்வி. நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. இவையெல்லாம் என் வகுப்பிலும் உண்டு. பயன்படுத்துகிறேன், பயனும் கிடைக்கிறது. ஆனால் பள்ளிப் பிள்ளையிடம் கணினியை ஒப்படைக்கலாம் என்று முதலில் துணிந்தவர்கள் கண்ட கனவு வேறு. அந்தக் கனவில் பிள்ளை சொல்லும், எந்திரம் கேட்கும். 1967இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கிய அந்தக் கதையை ஆசிரியர்களும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். புதுக் கருவி ஒன்று பள்ளி வாசலுக்கு வரும்போதெல்லாம் எதைப் பார்த்து அதை உள்ளே விடுவது என்ற கேள்விக்கு அந்த வரலாற்றில் விடை இருக்கிறது.

அதற்கு முன்பே எந்திரத்தால் பாடம் சொல்லும் முயற்சிகள் இருந்தன. ஒகையோ அரசுப் பல்கலைக்கழகத்தில் சிட்னி பிரெஸ்ஸி 1920களிலேயே ஒரு பெட்டி செய்தார். சின்னச் சாளரத்தில் கேள்வி தெரியும். சரியான விசையை அழுத்தினால்தான் அடுத்த கேள்வி வரும். 1953இல் ஹார்வர்டு உளவியல் பேராசிரியர் பி.எஃப். ஸ்கின்னர் தம் மகள் படித்த வகுப்பில் போய் உட்கார்ந்து கணக்குப் பாடத்தைக் கவனித்தார். முடித்த பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள், முடிக்காதவர்கள் தடுமாறுகிறார்கள், தான் போட்டது சரியா தவறா என்று அறிய எல்லாரும் காத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த வேகத்தில் அவரும் ஒரு கற்பிக்கும் எந்திரத்தை உருவாக்கினார். 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் சப்பெஸ் இதே வேலையைக் கணினியிடம் கொடுத்தார். கணினி கணக்குக் கேட்கும், பிள்ளை விடை தட்டும், கணினி திருத்தும். அறுபது பிள்ளைகளின் நோட்டைத் திருத்தும் எனக்கு இவர்களின் அக்கறை நன்றாகவே புரிகிறது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் போகட்டும், விடை உடனே தெரியட்டும் என்ற எண்ணம் நல்ல எண்ணம். ஆனாலும் இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் கேள்வி எந்திரத்துடையது. பிள்ளைக்கு உரியது விடை மட்டும்.

இந்த ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டவர் சீமோர் பேப்பர்ட். 1928இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர், இளமையிலேயே நிறவெறி ஆட்சியை எதிர்த்தவர், கணிதத்தில் முனைவர். 1958 முதல் 1963 வரை ஜெனீவாவில் ழான் பியாஜேவுடன் பணியாற்றினார். குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர் பியாஜே. உயரமான குவளைக்கு மாற்றியதும் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று ஒரு சின்னப் பிள்ளை சொன்னால், அதைத் தவறு என்று தள்ளிவிடாமல், அந்தப் பதிலுக்குப் பின்னால் பிள்ளை கட்டி வைத்திருக்கும் கோட்பாடு என்ன என்று தேடியவர். பேப்பர்ட்டிடம் இதற்கு இணையான சொந்த அனுபவமும் இருந்தது. மிகச் சிறு வயதிலிருந்தே அவருக்குக் கார்களின் பல்சக்கரங்கள் மேல் பெருங்காதல். பெருக்கல் வாய்பாட்டைப் பல்சக்கரங்களாகவே மனத்தில் ஓட்டிப் பார்த்தார். இரண்டு மாறிகள் கொண்ட சமன்பாடு வந்தபோது, கார்ச் சக்கரங்கள் இரண்டுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் அமைப்பை நினைத்து அதைப் புரிந்துகொண்டார். எல்லாப் பிள்ளைக்கும் பல்சக்கரம் பிடிக்காது. ஆனால் எந்த வடிவமும் எடுக்கக்கூடிய ஒரு பொருள் கிடைத்தால், ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்ததை அதில் செய்து பார்க்குமே! கணினியை அவர் பார்த்தது இந்தக் கண்ணால்தான்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.க்கு வந்து சேர்ந்த பேப்பர்ட்டும், கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனத்தின் வாலி ஃபியூர்ஸெய்கும், சிந்தியா சாலமனும் மற்றும் சிலரும் சேர்ந்து பிள்ளைகளுக்கென்றே ஒரு நிரல்மொழியை உருவாக்கினார்கள். அதுதான் லோகோ. இவர்களில் சாலமன் வந்த பாதையை என் மாணவிகளிடம் விரும்பிச் சொல்வேன். செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் மார்வின் மின்ஸ்கியின் செயலராக எம்.ஐ.டி.யில் வேலைக்குச் சேர்ந்து, லிஸ்ப் என்ற நிரல்மொழியைத் தானே கற்றுக்கொண்டு, குழந்தைகளுக்கான மொழியை வடிவமைக்கும் இடத்துக்கு வந்தவர் அவர். 1967 கோடையில் லிங்கன் என்ற ஊரின் ஹான்ஸ்கம் ஃபீல்டு பள்ளியில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் லோகோ முதல்முறை பரீட்சிக்கப்பட்டது. 1968-69 கல்வியாண்டில் லெக்சிங்டன் ஊரின் மஸ்ஸி இடைநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு, வழக்கமான கணக்குப் பாடத்துக்குப் பதிலாகவே லோகோ கற்பித்தார்கள்.

அப்போது லோகோவில் படம் கிடையாது, திரை கூடக் கிடையாது. டெலிடைப் எந்திரத்தில் தட்டினால், தொலைவிலிருக்கும் கணினியின் பதில் காகிதச் சுருளில் அச்சாகி வரும். பிள்ளைகள் விளையாடியது சொற்களோடு. வினைச்சொல் பட்டியல் ஒன்று, பெயர்ச்சொல் பட்டியல் ஒன்று கொடுத்து, கணினியைத் தானே வாக்கியம் அமைக்கச் சொன்னார்கள். இலக்கணம் பிடிக்காத பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி இதைச் செய்துகொண்டிருந்தபோது, பெயர் வினை என்று சொற்களைப் பிரிப்பது எதற்காக என்று தனக்கு இப்போதுதான் விளங்குகிறது என்றாளாம். பேப்பர்ட் தம் நூலில் எழுதியிருக்கும் நிகழ்ச்சி இது.

இதைப் படித்த பிறகு என் வகுப்பிலும் செய்து பார்த்தேன். பைத்தான் மொழியில் நான்கைந்து வரி நிரல் போதும். எழுவாய்ப் பட்டியலில் பிள்ளைகள் தங்கை, மாடு, மழை, தலைமையாசிரியர் என்று போட்டார்கள். வினைப் பட்டியலில் பாடினாள், மேய்ந்தது, பெய்தது, வந்தார். ஓட்டியதும் வந்த முதல் வாக்கியம்: ‘தங்கை மேய்ந்தது.’ அடுத்தது ‘மழை பாடினாள்.’ வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், பட்டியலை உடைக்க வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். உயர்திணைக்கு ஒன்று, அஃறிணைக்கு ஒன்று. பிறகு உயர்திணைக்குள் ஆண்பால், பெண்பால், மரியாதைப் பன்மை. தமிழாசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட்டு அவர்கள் மனப்பாடம் செய்த திணையும் பாலும் இப்போது அவர்களுக்கே தேவைப்பட்டன. எல்லாம் சரிசெய்த பிறகும் கணினி ‘மழை மேய்ந்தது’ என்று ஒரு வாக்கியத்தைத் தந்தது. பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: “டீச்சர், இலக்கணம் சரியா இருக்கே, அப்புறம் ஏன் தப்பாத் தெரியுது?” மொழியியல் அறிஞர்கள் நெடுங்காலமாக விவாதிக்கும் கேள்வி அது. எந்தக் காணொளியும் அதை அவனுக்குள் எழுப்பியிருக்காது. தானே கட்டிய ஒன்று தான் நினைக்காத இடத்துக்குப் போனதால் எழுந்தது.

லோகோவில் ஆமை வந்தது இதற்குப் பிறகு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1940களின் இறுதியில் வில்லியம் கிரே வால்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் வெளிச்சத்தை நோக்கி நகரும் சிறு ரோபோக்களைச் செய்து அவற்றை ஆமைகள் என்றே அழைத்தார். அந்தப் பெயரை எம்.ஐ.டி. குழு எடுத்துக்கொண்டது. 1970ஐ ஒட்டிப் பிறந்த லோகோ ஆமை, கவிழ்த்த கிண்ணம் போன்ற மூடியும் சக்கரங்களும் வயிற்றில் ஒரு பேனாவும் கொண்டது. நீண்ட கம்பியால் கணினியோடு பிணைக்கப்பட்டு, தரையில் விரித்த காகிதத்தில் ஊர்ந்து கோடு போடும். ‘முன்னே 100’ என்றால் நூறு அலகு நகரும். ‘வலம் 90’ என்றால் நின்ற இடத்திலேயே வலப்பக்கம் திரும்பும். பேனாவைத் தூக்கு, இறக்கு. அடிப்படைக் கட்டளைகள் இவ்வளவுதான். ஆனால் ஒரு கட்டளைத் தொகுப்புக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரையே புதுக் கட்டளையாக்கலாம். சதுரம் கற்றுக்கொண்ட ஆமையிடம் சதுரங்களால் ஆன பூவைக் கேட்கலாம்.

இதில் என்ன பெரிய கணக்கு இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முக்கோணத்தைக் காட்டுவேன். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்பது எல்லாருக்கும் மனப்பாடம். அதனால் பிள்ளைகள் ‘முன்னே 100, வலம் 60’ என்று மூன்று முறை சொல்வார்கள். முக்கோணம் வராது. வாய் திறந்த ஒரு வளைவு வரும். உற்றுப் பார்த்தால் அது அறுங்கோணத்தில் பாதி. இந்த இடத்தில் நான் விடை சொல்வதில்லை. வகுப்பை மைதானத்துக்கு அழைத்துப் போய், மண்ணில் ஒரு முக்கோணம் கீறி, ஒருத்தியை அதன்மேல் நடக்கச் சொல்வேன். மூலையில் அவள் உடம்பு எவ்வளவு திரும்புகிறது என்று மற்றவர்கள் பார்ப்பார்கள். செங்கோணத்துக்கும் மேல் திரும்பி, வந்த திசையை ஏறக்குறைய நோக்கி நிற்பாள். உட்கோணம் 60 என்றால் திரும்பும் கோணம் 120. புத்தகத்தில் வெளிக்கோணம் என்று படித்தது காலுக்குத் தெரிந்துவிடும். கிளம்பிய இடத்துக்கே வந்து, கிளம்பிய திசையையே பார்த்து நின்றால், மொத்தம் 360 திரும்பியிருக்க வேண்டும் என்பதும் அங்கேயே தெரியும். ஐந்து முனை நட்சத்திரத்துக்கு ஒவ்வொரு முனையிலும் 144 திரும்ப வேண்டும், மொத்தம் 720, அதாவது இரண்டு சுற்று. அதைக் கண்டுபிடித்த மாணவி லேபில் எழுந்து நின்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

வட்டம் இதைவிட வியப்பு. நடந்து பார்க்கச் சொன்னால் பிள்ளைகள் தாமாகவே சொல்வார்கள்: கொஞ்சம் நட, கொஞ்சம் திரும்பு, திரும்பத் திரும்ப அதையே செய். ‘முன்னே 1, வலம் 1’ என்பதை 360 முறை செய்தால் வட்டம் வந்துவிடும். மையம் வேண்டாம், ஆரம் வேண்டாம், சமன்பாடு வேண்டாம். பிறகு அதன் குறுக்களவை அளக்கச் சொல்வேன். 114, 115 என்று வரும். சுற்றளவு 360 என்பது தெரியும். வகுத்துப் பார்த்தால் 3.16, 3.13. பையின் மதிப்பு அவர்கள் கையாலேயே கிடைக்கிறது. நகரும் புள்ளி தன் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் வைத்து வளைவை அறியும் இந்த வழி வகைக்கெழு வடிவியலின் வாசல். ஹெரால்டு ஏபெல்சனும் ஆண்ட்ரியா டிசெஸ்ஸாவும் 1981இல் வெளியிட்ட ஆமை வடிவியல் நூல், இதே ஆமையைக் கொண்டு ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் வரை வாசகரை அழைத்துப் போகிறது.

இன்னும் சின்னப் பிள்ளைகளை நினைத்தவரும் ஒருவர் இருந்தார். 1970களில் எம்.ஐ.டி. மாணவியாக இருந்த ரேடியா பெர்ல்மன், எழுத்துத் தெரியாத மழலைகளும் ஆமையை ஓட்ட வேண்டும் என்று பொத்தான் பெட்டி ஒன்றைச் செய்தார். அடுத்ததாக, கட்டளைப் படம் போட்ட பிளாஸ்டிக் அட்டைகளை வரிசையாகச் செருகினால் அந்த வரிசையில் ஆமை நடக்கும் எந்திரத்தைச் செய்தார். பின்னாளில் கணினி வலையமைப்புகள் சுற்றிச் சுற்றித் திணறாமல் இயங்க உதவும் நெறிமுறையைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றவர் இவரே. ஸ்கிராட்ச் மென்பொருளில் இன்று பிள்ளைகள் இழுத்து அடுக்கும் வண்ணக் கட்டைகளுக்கு அந்தப் பிளாஸ்டிக் அட்டைகள் மூத்த உறவு.

பேப்பர்ட்டும் சாலமனும் 1971இல் எழுதிய கட்டுரையில், பள்ளிக்கூடக் கணினியால் செய்யத்தக்க இருபது காரியங்களைப் பட்டியலிட்டார்கள். இசை, பொம்மலாட்டம், திரைப்படம், கவிதை என்று நீண்ட பட்டியல் அது. அன்றைக்குக் கணினி ஒரு பள்ளிக்கூடம் வாங்கும் விலையில் இல்லை. மைக்ரோ கம்ப்யூட்டர்கள் வந்த பிறகுதான் ஆமை திரைக்குள் முக்கோணக் குறியாகக் குடியேறி உலகம் சுற்றத் தொடங்கியது. 1980இல் பேப்பர்ட்டின் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூல் வெளிவந்தது. அதில் அவர் மிக அழுத்திச் சொன்ன ஒன்று எனக்கு வேதவாக்கு. நிரல் எழுதும் எவருக்கும் முதல் தடவையிலேயே சரியாக வராது. எனவே சரியா தவறா என்பது அங்கே கேள்வியே இல்லை. எங்கே பிழை, எப்படிச் சரிசெய்வது என்பதே கேள்வி. பிழை வெட்கப்பட வேண்டியதாக இல்லாமல், ஆராய வேண்டியதாக ஆகிறது. சிவப்பு மையைக் கண்டாலே நோட்டை மூடி வைக்கும் பிள்ளைகளோடு வாழும் எனக்கு, லோகோவின் முழு மதிப்பும் இங்கே இருப்பதாகவே தோன்றுகிறது.

1980களில் டக்கார் முதல் பாரிஸ் வரை லோகோ வகுப்புகள் நடந்தன. கோஸ்ட்டா ரிக்கா 1988இல் அதை நாடு தழுவிய தொடக்கப்பள்ளித் திட்டமாகவே ஆக்கியது. இந்தியாவில் மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டம் 1984இல் தொடங்கி, ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு முதற்கட்டமாக பி.பி.சி. மைக்ரோ கணினிகளைக் கொண்டுவந்தது. நம் நாட்டுப் பள்ளிக் கணினிக் கல்விக்கு அதுவே பிள்ளையார் சுழி.

அந்த உற்சாகத்தின் உச்சியிலேயே ஒரு குளிர்ந்த செய்தியும் வந்தது. நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீ, மிடியன் கர்லண்ட் இருவரும் ஓராண்டு லோகோ கற்ற பிள்ளைகளைச் சோதித்து 1984இல் முடிவை வெளியிட்டார்கள். வகுப்பறை வேலைகளைக் குறைந்த நடையில் செய்து முடிக்கத் திட்டமிடச் சொன்னபோது, லோகோ கற்றவர்கள் கற்காதவர்களைவிடச் சிறப்பாகத் திட்டமிடவில்லை. நிரல் எழுதினால் சிந்தனை தானாகக் கூர்மையாகும் என்ற நம்பிக்கைக்கு அது பெரிய அடி. லோகோவை நேசிக்கும் நான் அந்த ஆய்வை மதிக்கிறேன். நான்கு ஆண்டுகள் கழித்து ஷேரன் கார்வரும் டேவிட் கிளாரும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு மீதிக் கதையைச் சொன்னது. அவர்கள் பிள்ளைகளைச் சும்மா விட்டுவிடாமல், பிழை தேடும் முறையை வெளிப்படையாகவே கற்பித்தார்கள்: என்ன எதிர்பார்த்தாய், என்ன வந்தது, வேறுபாடு எங்கே தொடங்குகிறது, எந்தப் பகுதி அதற்குக் காரணம். அப்படிக் கற்றவர்கள் கணினியே இல்லாத இடத்திலும், வழிகாட்டுக் குறிப்பு ஒன்றில் இருந்த பிழையைத் தேடித் திருத்துவதில் முன்னேறியிருந்தார்கள். ஆமை தனியாகக் கற்பிக்காது. ஆமையின் பக்கத்தில் நின்று சரியான கேள்வியைக் கேட்கும் ஆசிரியர் வேண்டும்.

1990களில் உலகம் வேறு திசையில் போனது. சி.டி.யும் மல்டிமீடியாவும் வந்தன. லேப் என்பது தட்டச்சும் அலுவலக மென்பொருளும் பழகும் அறையானது. செய்வதன் இடத்தைப் பார்ப்பது பிடித்துக்கொண்டது. ஆனாலும் வேர் அறுந்துவிடவில்லை. லெகோ நிறுவனம் 1998இல் தன் ரோபோத் தொகுப்புக்குப் பேப்பர்ட்டின் நூற்பெயரையே வைத்தது. அவரோடு பணியாற்றிய மிட்செல் ரெஸ்னிக்கின் எம்.ஐ.டி. குழு 2007இல் ஸ்கிராட்ச்சை வெளியிட்டது. பைத்தானுக்குள்ளேயே ஆமை ஒன்று இலவசமாக இருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில், தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத வழிசெய்திருக்கிறது. பேப்பர்ட் 2016 ஜூலை 31 அன்று மெயின் மாநிலத்தில் காலமானார்.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, கணினியை வீட்டில் பார்த்தேயிராத பிள்ளைகளின் மடிக்கு அது வந்தது. அந்த மாற்றத்தை நேரில் கண்டவள் நான். அதன் அருமையை யார் குறைத்துப் பேசினாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்று உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன, பாடநூலில் கியூ.ஆர். குறியீடு இருக்கிறது, பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஸ்கிராட்ச் பாடமே இருக்கிறது. ஆனால் ஸ்கிராட்ச் என்றால் என்ன என்பதை ஒரு மதிப்பெண் விடையாக மனப்பாடம் செய்துவிட்டு, அதை ஒருமுறையும் திறக்காமல் ஒரு பிள்ளை தேர்ச்சி பெற்றுவிட முடியும். அதுதான் என் கவலை. இப்போது கேட்டதற்கெல்லாம் விடையை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. பிரெஸ்ஸியின் பெட்டி விடையையாவது பிள்ளைக்கு விட்டுவைத்தது. இது அதையும் எடுத்துக்கொள்ளக்கூடும்.

எனவே எந்தக் கருவி வந்தாலும் நான் கேட்பவை மூன்று. யார் கட்டளையிடுகிறார், பிள்ளையா எந்திரமா? பிள்ளை செய்த பிழை, அதை ஆராயும் அளவுக்குக் கண்முன் நிற்கிறதா, அல்லது ஒரு சிவப்புக் குறியோடு மறைந்துவிடுகிறதா? ஏன் அப்படி வந்தது என்று பிள்ளையோடு பேச ஆசிரியருக்கு நேரம் இருக்கிறதா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் பழைய கணினியும் போதும். செயற்கை நுண்ணறிவையும் அப்படிப் பயன்படுத்தலாம்: அது தந்த கணக்கில் பிழை தேடும் வேலையைப் பிள்ளையிடம் கொடுக்கலாம்.

சக ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது மிகச் சிறியது. வாரத்தில் ஒரே ஒரு பீரியடை இதற்கு ஒதுக்குங்கள். நான்கு பிள்ளைக்கு ஒரு கணினி போதும். ஒருவர் தட்ட மூவர் வாதிடுவதே நல்லது. கணினி குறைவு என்றால் மைதானமும் ஒரு சாக்பீஸும் இருக்கின்றன. ஆமையாக நடக்க நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். முக்கோணத்தில் தொடங்குங்கள். 60 என்று சொல்வார்கள். திருத்தாதீர்கள், நடக்கச் சொல்லுங்கள். அடுத்த பீரியடுக்குள் அவர்கள் உங்களிடம் கொண்டுவரும் கேள்விகளிலிருந்து உங்கள் பாடத்திட்டத்தை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.